கேட்காத காதும் கெட்டிமேளமும்

விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்தவனுக்கு முதலில் போவது காது, அடுத்துப் போவது பொறுமை. எனக்கு ஒரு காது மிச்சம் இருக்கிறது. பொறுமை சுத்தமாக இல்லை. ஊர் ராஜபாளையம். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. கண்மாய் நிறைந்தால் அதுதான் எங்களுக்குச் சமுத்திரம். இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, கப்பலைப் பற்றிப் பேசவும் முடியாமல் பேசாமல் இருக்கவும் முடியாமல் அவஸ்தைப்படும் சகபாவிகள் இந்தப் பக்கத்தில் இன்னும் சில பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக என் சிநேகிதன் வெங்கடசாமிக்கு நடந்ததைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. பெற்ற மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அவன் லாயக்கில்லை என்று அவன் வீட்டிலேயே முடிவு பண்ணினார்கள் ஐயா. கேட்டீர்களா கதையை!

எந்த பார்டர்?

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பார். அதனால் யூனிபாரம் போட்டவன் அத்தனை பேருமே ஊருக்கு மிலிட்டரிதான். பஞ்சு மார்க்கெட் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில் என் பெயரே மிலிட்டரி. "நான் மிலிட்டரி இல்லய்யா, நேவி" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர், "அண்ணாச்சி எந்த பார்டர்ல இருந்தீக?" என்றார். "கடல்ல ஏதுங்க முள்வேலி? நான் கப்பல்ல இருந்தேன். மேல பிளேன் எறங்குற கப்பல்" என்றேன். அவர் கடித்த வடையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கப்பல் மேல பிளேனு. ம்ம், சொல்லுங்க சொல்லுங்க" என்றார். புளுகுகிறானாம்!

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. விட்டேனா? பெஞ்சுப் பலகையைக் கப்பலாக்கி, பிஸ்கட்டை விமானமாக்கி விளக்கினேன். கப்பலின் தலைமேல் ஒரு மைதானம் இருக்கும், குறுக்கே தடித்த கம்பி கட்டியிருக்கும், விமானத்தின் வாலில் இருக்கிற கொக்கி அந்தக் கம்பியில் மாட்டினால் விமானம் நிற்கும், மாட்டாவிட்டால் மறுபடி பறந்து போய்ச் சுற்றிவிட்டு வரவேண்டும், அந்த மைதானத்தில்தான் எங்களுக்கு வெயிலிலும் மழையிலும் வேலை. என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மனுஷர் முழுசையும் தலையாட்டிக் கேட்டார். சரி, ஒருத்தருக்காவது புரிந்ததே என்று நிமிர்ந்தேன். அவர் என் காதருகே குனிந்து கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். மாசாமாசம் கேன்டீன்ல கோட்டா பாட்டில் குடுக்காகளா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

மஞ்சள் சட்டை

வெங்கடசாமி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கப்பலில் மேல் கட்டில் அவன், கீழ் கட்டில் நான். மேல்தளத்தில் அவனுக்கு மஞ்சள் சட்டை. அதாவது விமானத்துக்கு முன்னால் நின்று கையை ஆட்டி, இப்படி வா, அப்படித் திரும்பு, நில், இன்ஜினை நிறுத்து என்று விமானிக்குச் சொல்கிறவன். நான் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற ஆள். விமானம் நின்றதும் கட்டையையும் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு அடியில் புகுந்து, கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்து, சங்கிலியால் தளத்தோடு கட்டிவிட்டு வெளியே வரவேண்டும். அங்கே இருக்கிற இரைச்சலில் வாயால் பேசுகிற பேச்சே கிடையாது. காதுக்கு மேல் கவசம் மாட்டியும் பல் கூசும். எல்லாம் கையால்தான். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காக வைத்தால் நில். விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தால் பிரேக்கை விடாதே. இரண்டு கட்டைவிரலையும் வெளிப்பக்கம் காட்டினால் கட்டையை எடு, விமானம் போகலாம்.

ஒருநாள் மழை. தளம் வழுக்குகிறது, கப்பல் ஆடுகிறது. வெங்கடசாமி கையைக் குறுக்கே வைத்து விமானத்தை நிறுத்திவிட்டான், நான் அடியில் புகுந்துவிட்டேன். சங்கிலி பாதிதான் மாட்டியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் இன்னொரு விமானம் திரும்பியது. அதன் சூட்டுக்காற்று பக்கவாட்டில் வந்து அவனை அறைந்தது. காதுக் கவசம் பிய்த்துக்கொண்டு கடலில் போய் விழுந்தது. வேறு எவனாக இருந்தாலும் அப்படியே கையை இறக்கிக் காதைப் பொத்தியிருப்பான். இவன் பொத்தவில்லை. கையை இறக்கினால் விமானி அதை வேறு சைகை என்று நினைத்து பிரேக்கை விடலாம், சக்கரத்துக்கு அடியில் நான் கிடக்கிறேன். நான் சங்கிலியை மாட்டித் தவழ்ந்து வெளியே வந்து பார்க்கிறேன், முகம் கோணிப்போய், கண்ணில் தண்ணீர் வழிய, தலைக்கு மேல் அதே குறுக்குக் கையோடு நிற்கிறான். என் இரண்டு காலும் இன்றைக்கு ராஜபாளையத்தில் நடக்கிறது என்றால் அந்தக் கையால்தான். சாயங்காலம் சாப்பிடும்போது, "ஏண்டா கோட்டிக்காரா, காதைப் பொத்தியிருக்கலாம்ல?" என்று திட்டினேன். நான் சொன்னது அவனுக்கு விழவில்லை, இரண்டு தரம் கத்தவேண்டியிருந்தது. பிறகு சொன்னான்: "ஏலே மாரி, நீ வெளிய வாராம நான் எப்படிலே கைய எறக்க?"

டாக்டருக்கு வந்த சந்தேகம்

அன்றைக்குப் போக ஆரம்பித்த காது, ஊருக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழுசாகவே போய்விட்டது. காதில் வைக்கிற மிஷின் வாங்கி மாட்டினான். உள்ளே மிச்சம் இருப்பதைத்தான் மிஷின் கூட்டிக் காட்டும், ஒன்றும் இல்லாத இடத்தில் எதைக் கூட்டும்? கரகர என்று ஒரு சத்தம் வருகிறது, தலை வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான்.

மதுரையில் பெரிய காது டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசுதான், நல்ல பிள்ளை மாதிரி இருந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து விதவிதமாகச் சத்தம் விட்டுப் பார்த்தார்கள், கேட்டால் கையைத் தூக்கவேண்டும். வெங்கடசாமி கையைத் தூக்கவே இல்லை. டாக்டர் அதில் வந்த கோட்டுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ரொம்ப வருஷமா பெரிய சத்தத்துலயே இருந்திருக்காரே" என்றார். ஆகா, விஷயம் தெரிந்த டாக்டர், வந்தது வீண் போகவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். கப்பல், மேல்தளம், மழை, கவசம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "ஓகே. ஐயா ஹெட்செட் மாட்டிப் பாட்டு நிறையக் கேப்பாரா?"

பெண் பார்க்க வந்தவர்கள்

வெங்கடசாமிக்குப் பையன் ஒன்று, பெண் ஒன்று. பெண் ஜோதிக்குச் சேத்தூரிலிருந்து வரன் வந்தது. நல்ல விவசாயக் குடும்பம், மாப்பிள்ளைக்கு ஆலங்குளத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெங்கடசாமி தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் கூடப் போட்டு, ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள். உடனே மகன் சரவணன் முந்திக்கொண்டு, "அப்பாவுக்குக் காது கேக்காது, எதுன்னாலும் எங்கிட்டயே பேசுங்க" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் ஒரு பீரோ.

பேச்சு நடக்கிறது, பலகாரம் வருகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். இவனும் எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த நேரம் கழித்து எதிரே இருந்த என்னைப் பார்த்து, மடியில் வைத்த கையில் ஒரு விரலை மட்டும் வட்டமாகச் சுற்றினான். இன்ஜின் ஓடுதா என்று அர்த்தம். காரியம் நடக்கிறதா என்று கேட்கிறான். நடக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கினேன். விரல்களை மடக்கி முஷ்டி காட்டினான், எங்காவது பிரேக் போடுகிறார்களா என்று. இல்லை, தாராளமாக ஓடுகிறது என்று நான் கையை முன்னுக்கு அசைத்தேன். அவன் முகத்தில் அப்போதுதான் நிஜமான சிரிப்பு வந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, சரவணன் பக்கம் சாய்ந்து, அவருக்கு ரகசியம் என்று நினைப்பு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாவம், ரெண்டு பேருக்குமே வாய் பேச வராதோ?"

பெரியப்பா ஏறட்டும்

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மண்டபம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற சமயத்தில் நான் போயிருந்தேன். தகப்பனும் இருக்கிறான், வேர்க்கடலையை உரித்துத் தட்டில் போட்டுக்கொண்டு. அவனுக்கு எதிரே உட்கார்ந்து சரவணன் சொல்கிறான், தாரை வார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவடையில் ஏறட்டுமாம். அப்பாவுக்கு ஐயர் சொல்வது காதில் விழாதாம்.

"ஏலே, உங்கப்பன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான். அவன் பெத்த பொண்ணை இன்னொருத்தன் தாரை வாக்கவா? அவன் என்ன செத்தா போயிட்டான்?" என்று கத்தினேன். "ஐயர் ஒண்ணு சொல்ல, அப்பா ஒண்ணு செய்ய, சபையில நாலு பேர் சிரிச்சா யாருக்கு மாமா அசிங்கம்? அப்பாவுக்குத்தான்" என்றான். வெங்கடசாமியின் சம்சாரம் கமலத்தைப் பார்த்தேன். அவளும் இதில் தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறாள், பெரியம்மாதானே பக்கத்தில் நிற்கப்போகிறாள். "என்ன அண்ணே செய்ய? வீட்டுல நான் ஒரு சொம்புத் தண்ணி கேட்டாக் கூட அவிய காதுல விழ மாட்டேங்கு. கத்திக் கத்தி எனக்கும் சீ-ன்னு ஆயிப்போச்சு" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விஷயத்தைப் போனில் எழுதி வெங்கடசாமியிடம் காட்டினேன். படித்தான். கடலைத் தோலை ஊதினான். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சரி, அண்ணனே செய்யட்டும். ஜோதிக்கு நல்லபடியா நடந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. நான் பார்த்தேன், கமலமும் பார்த்தாள். சரவணன் மட்டும் ரொம்ப நிம்மதியாகச் சொன்னான்: "பாத்தீகளா மாமா, அப்பாவே சரின்னுட்டாரு. நீங்கதான் சும்மா கத்துறீக."

நல்ல இரும்பா?

வெங்கடசாமி எங்கே நின்றான், எதற்கு முன்னால் நின்றான் என்பதை அந்த வீட்டில் ஒருத்தராவது கண்ணால் பார்த்தால்தான் புத்தி வரும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதைக் காட்ட? எங்கள் கப்பலைத்தான் விற்றுவிட்டார்களே. கரையில் ஏற்றி, தீ வைத்து அறுக்கிற படம் போனில் வந்தது. நாங்கள் படுத்த அறை தெரிந்தது, பாதி சுவரோடு. பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. டீக்கடையில் அந்தப் படத்தைக் காட்டிப் புலம்பினேன். பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறவர் ஒருத்தர் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். ஆகா, மனுஷர் உருகிவிட்டார் என்று நினைத்தேன். "அம்புட்டும் நல்ல இரும்பா அண்ணாச்சி, இல்லை வெறும் தகடா?"

பொம்மைக்கு மாட்டிய கவசம்

இந்தப் பக்கத்து நேவிக்காரர்கள் வருஷம் ஒருதரம் வேன் பிடித்து எங்காவது போவோம். இந்தத் தடவை குடும்பத்தோடு என்று நான்தான் அடம்பிடித்தேன். கடற்கரை ஊர் ஒன்றில் ஓய்வு கொடுத்த போர்க்கப்பல் ஒன்றைக் கரையேற்றி மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள், பக்கத்திலேயே எங்கள் கப்பலில் இருந்த ரகத்து விமானம் ஒன்றும் நிற்கிறது என்று தெரிந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வம்பு. சரவணனுக்குக் கல்யாண வேலை, வரவில்லை. கமலத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போனேன். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு இரும்பைப் பாக்கப் போகணுமா?" என்று வழி முழுக்க முணங்கினாள்.

உள்ளே போனால் எனக்கு ரத்தக் கொதிப்பு. மாலுமிகள் படுத்த அறையில் பலூன் கட்டி யாருக்கோ பிறந்தநாள். அவர்கள் நின்று சாப்பிட்ட இடத்தில் பாப்கார்ன். பீரங்கிமேல் ஒரு பிள்ளையை உட்காரவைத்து அப்பனும் ஆத்தாளும் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு மூலையில் மேல்தளத்து ஆட்கள் என்று பொம்மைகள் வைத்திருந்தார்கள். ஜவுளிக்கடை வாசலில் நிற்குமே, அதே ரோஸ் நிறப் பொம்மை. மஞ்சள் சட்டை போட்டு, காதுக் கவசத்தை மாலை மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். வெங்கடசாமி அதன் முன்னால் நின்று பார்த்தான். பிறகு கயிற்றைத் தாண்டி உள்ளே போய், அந்தக் கவசத்தை எடுத்துப் பொம்மையின் இரண்டு காதுக்கும் ஒழுங்காக மாட்டி, அழுத்திவிட்டான். காவல்காரன் விசில் அடித்தான். இவனுக்கு எங்கே கேட்கும்? நிதானமாகச் சட்டைக் காலரையும் இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ஆள் ஓடி வந்து இவன் தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். நான் பாய்ந்துவிட்டேன். "கைய எடுரா! யார் மேல கை வைக்க? அந்தப் பொம்மையே இவன்தான்டா!" கூட்டம் கூடிவிட்டது. காவல்காரன் தன் பக்கம் நியாயம் இருக்கிற தெம்பில் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "எம்புட்டு நேரமா விசில் அடிக்கேன், காதா கேக்காது அந்தாளுக்கு?"

கமலம் அமுக்கிய பொத்தான்

வெளியே கொட்டகைக்கு அடியில் விமானம். அதற்கு முன்னால் ஒரு பொத்தான், அமுக்கினால் இன்ஜின் சத்தம் பெட்டியில் வரும். பிள்ளைகள் அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கமலம் போகிற போக்கில் ஒருதரம் அமுக்கினாள். திடீரென்று சத்தம் கிளம்பவும் துள்ளி விழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் அவள் புருஷன் விமானத்தின் மூக்கைப் பார்த்துக்கொண்டு சாதுவாக நிற்கிறான், கண்ணிமை கூட ஆடவில்லை. சத்தம் நின்றதும், "இது முன்னாலயா அண்ணே இவிய நின்னாவ?" என்று கேட்டாள்.

"இது ஸ்பீக்கர் சத்தம்மா. நெசத்துல வார சத்தத்துல இது கால் பங்கு கூடக் கிடையாது. இந்த மூக்குக்கு நேர, அந்தா அந்தத் தூண் இருக்குல்ல, அம்புட்டுக் கிட்டத்துல" என்றேன். மழை நாள் கதையையும் சொன்னேன். கவசம் பறந்தது, கை இறங்காதது, என் கால் பிழைத்தது எல்லாம். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுசன்! காது எப்படிப் போச்சுன்னு கேட்டா வயசாச்சுன்னுல்ல சொன்னாவ!" என்று ஆத்திரத்தில் அழுதாள். வெங்கடசாமிக்கு எங்கள் பேச்சு விழவில்லை, ஆனால் விமானத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அவளைத் தூண் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு, விமானத்துக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொரு சைகையாக அவளுக்குக் காட்டினான். வா. திரும்பு. பிரேக்கை விடாதே. நில். கடைசிச் சைகையில் கை தலைக்கு மேல் குறுக்காக நின்றது, இறக்கவே இல்லை, வழக்கம்போல. கமலம் அதைப் பார்த்தபடியே போனை எடுத்தாள். நான் மகனுக்கு ஏதோ சாமான் வாங்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "ஏலே சரவணா, பெரியப்பாவை மணவடையில ஏற வேண்டாம்னு சொல்லிரு. எம்மகளை அவியளும் நானுந்தான் தாரை வாப்போம், சிரிக்கிறவன் சிரிச்சிக்கிட்டுப் போறான்."

மணவடை

கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் ஐயரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். மந்திரத்தை அவர் சொல்லிக்கொள்வார், எப்போது என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்ல, அவருக்குப் பின்னால் நின்று நான் வெங்கடசாமிக்குக் கையால் சொல்லவேண்டும். பக்காத் திட்டம். முகூர்த்த நேரம் வந்தது. நான் இடம் பிடித்து நின்றேன். வீடியோக்காரன் வந்தான். "பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க, ஃபிரேம்ல விழுறீக" என்றான். நகர மாட்டேன் என்றேன். அவன் விளக்குக் கம்பத்தைக் கொண்டு வந்து என் மூஞ்சிக்கு நேரே நட்டான். அவனுக்குத் துணையாக இரண்டு பேர் வந்து தள்ள, நான் எங்கோ பந்தல் காலுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து கத்தினேன். எவனுக்குக் கேட்கும்? இரண்டு தவில், நாகஸ்வரம், வாசலில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர், பின்பக்கம் ஜெனரேட்டர். ஐயர் கத்துகிறார், மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. சரவணன் குனிந்து "என்ன சாமி, என்ன சாமி" என்கிறான், அவனுக்கும் கேட்கவில்லை. பெரியப்பா அங்கவஸ்திரத்தைச் சரி பண்ணிக்கொண்டு ஏறுவதற்குத் தயாராக ஒரு படி முன்னால் வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன். சபை முழுக்க வெங்கடசாமியைத்தான் பார்க்கிறது.

அவன் யாரையும் பார்க்கவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்க்கிறான். கமலம் ஒரு கையில் சொம்பு வைத்திருந்தாள். இன்னொரு கையைத் தூக்கி, விரல்களை மடக்கி, முஷ்டி பிடித்தாள். விடாதே. அவன் ஜோதியின் கையை அப்படியே பிடித்து நின்றான். கமலம் ஐயர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை அசைத்ததும் விரலால் மாப்பிள்ளையைக் காட்டி, உள்ளங்கையை முன்னுக்கு அசைத்தாள். மகள் கையை மாப்பிள்ளை கைமேல் கொண்டுபோய் வைத்தான். மறுபடி முஷ்டி. நின்றான். ஐயர் இரண்டாம் தரம் தலையசைத்தார். கமலம் கட்டைவிரலை வெளிப்பக்கம் காட்டினாள். ஒரு கையில் சொம்பு, அதனால் ஒற்றை விரல்தான். வெங்கடசாமி மகள் கையை விட்டான். கமலம் தண்ணீரை வார்த்தாள். மியூசியத்திலிருந்து வேனில் திரும்பும்போது இரண்டு பேரும் வழி முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள், ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நான் தூங்கிவிட்டேன். மடையன்! பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். அந்த மண்டபத்தில் அத்தனை இரைச்சலிலும் ஒரு பிசகு இல்லாமல் காரியம் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான் ஐயா. பெரியப்பா மெதுவாகப் பின்னால் போய்விட்டார். சரவணன் அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான், முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாம் முடிந்து இறங்கி வரும்போது ஐயர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் சொன்ன க்ஷணத்துல சொன்னதைச் செஞ்ச பொண்ணோட அப்பா இவர் ஒருத்தர்தான் சார். காது கேக்கறவா எவா நான் சொல்றதைக் கேக்கறா?"

கோபப்பட எனக்கு இன்னும் ஆயிரம் காரணம் இருக்கிறது என்றாலும் அன்றைக்கு மட்டும் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை, அதுவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த எனக்குப் பாயசம் தீர்ந்துபோச்சு என்று எவனோ வந்து சொல்லும் வரைக்கும்தான்.